பற்றவைத்த பற்சக்கரம்

அஜந்தினியின் பிக்கப்புக்குப் பலமெல்லாம் முன்னால்தான். எஞ்சின் பாரம் முழுக்க முன்சில்லுகளின் மேல். பின்னால் இருந்தது வெறும் தகரப் பெட்டி. ஓட்டத்திடலில் பச்சை விளக்கு விழுந்து அவள் காலை அழுத்தினால், வண்டி பாய்வதற்குப் பதில் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று புகை கிளப்பும். பக்கத்துப் பாதைக்காரன் அதற்குள் பாதித் தூரம் போய்விடுவான். டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகருக்கு வெளியே உள்ள அந்தத் திடலில் போன கோடை முழுவதும் அவளுக்கு இதே கதைதான்.

வீதியில் ஓடும் வண்டிகளுக்கான பிரிவு அது. ஞாயிற்றுக்கிழமை நேர்கோட்டில் பந்தயம் ஓடிய பிக்கப்பையே ரயரை மாற்றிக்கொண்டு திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக்கு வேலைக்கு ஓட்டிப்போவாள். "குதிரை நல்ல குதிரை, அதுக்குக் குளம்புதான் இல்லை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

குளம்பு கட்டித் தருகிறேன் என்று முன்வந்தவர் அக்கா றோஸின் கணவர் நீக்கிலாஸ். தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்பவர், கைவேலை சுத்தமான ஆள். நகரத்துக்கு வெளியே இருந்த அவர்கள் வீட்டில் பெரிய கராஜ் ஒன்று இருந்தது. குளிர்காலம் முழுக்க பிக்கப் அங்கேயே நின்றது. காலை அழுத்தியதும் பின் அச்சு முறுகி, தகட்டு ஸ்பிரிங்கை வளைத்து, வண்டியைத் தவளை மாதிரித் துள்ள வைக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அச்சிலிருந்து சட்டகத்துக்கு இரண்டு இரும்புத் தண்டுகள் செய்து பூட்டினார். துள்ளல் நின்றது. பின்னுக்குப் பாரம் கூட்டப் பற்றரியை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பந்தய ரயரில் காற்றைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார்கள். ஆனாலும் வலப்பக்கச் சில்லு மட்டும் தனியாகச் சுழல்வது நிற்கவில்லை.

"இனி டிபரன்சல்தான்" என்றார் நீக்கிலாஸ்.

பின் அச்சின் நடுவே குடம்போலத் தொங்கும் பெட்டி அது. வளைவில் திரும்பும்போது வெளிச்சில்லைக் கூடவும் உள்சில்லைக் குறையவும் சுழல விடுவது அதற்குள் இருக்கும் பற்சக்கரங்கள்தான். நேர் ஓட்டத்தில் அதே குணம் கெடுதலாகிவிடும். எந்தச் சில்லுக்குப் பிடி இல்லையோ அதற்கே பலமெல்லாம் போய்ச் சேரும். இரண்டு சில்லுக்கும் பலத்தைப் பங்கிட்டு, வளைவில் மட்டும் நெகிழ்ந்துகொடுக்கும் பூட்டு வைத்த டிபரன்சல் ஒன்று வேண்டும். அவளுடைய பழைய அமெரிக்க வண்டிக்கு அது இலேசில் கிடைக்காது.

பங்குனியில் ஒருநாள் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "கிடைச்சிட்டுது, பிள்ளை! கோல்டிங்கில ஒருத்தன் பழைய வண்டியொண்டை உடைச்சவன். நீ வேலை முடிஞ்சு வா, நான் பூட்டி வைக்கிறன்."

அவள் போனபோது வேலை முடிந்து மூடியும் போட்டாகிவிட்டது.

பருவத்தின் முதல் பந்தயத்தில் பிக்கப் அம்பு மாதிரிப் புறப்பட்டது. அன்று மூன்று பேரை வென்றாள். டேனிஷ்காரர்கள் வண்டிக்குக் கீழே குனிந்து குனிந்து அந்த இரும்புத் தண்டுகளைப் படம் எடுத்தார்கள். நீக்கிலாஸ் நடுவில் நின்று, எல்லாம் அந்தத் தண்டுகளின் வேலைதான் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் முன்பு கண்டதில்லை. "அத்தான், நீங்கள் இல்லாட்டி இந்த வண்டி இல்லை" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். மனதாரச் சொன்னாள்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. கடைத் தரிப்பிடத்தில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் பின்சில்லு கிறீச்சிட்டு இழுபட்டது. அவரிடம் கேட்டாள்.

"புதுப் பூட்டெல்லே? கொஞ்ச நாள் இறுக்கமாத்தான் இருக்கும். ஓட ஓடப் பழகிவிடும்."

அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க என்ன காரணம்?

ஆனியில் ஒரு சனிக்கிழமை றோஸின் கார் மக்கர் பண்ணியது. மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குக் கீபோட் வாசிப்பவள் அவள். அன்று பாடகர் குழுவுக்குப் பயிற்சி இருந்தது. அஜந்தினி வந்து அக்காவை ஏற்றிக்கொண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நீக்கிலாஸ் கேற்றடியில் குடையோடு நின்றார்.

"மழை. பாத்துப் போ" என்று சொல்லிக் கை காட்டினார்.

நகரத்துக்குள் நுழையும் சுற்றுவட்டத்தில் அவள் மெதுவாகத்தான் திரும்பினாள். வட்டத்தை விட்டு வெளியேற இலேசாகக் காலை அழுத்தினாள். அவ்வளவுதான். யாரோ பின்னுக்கு நின்று தள்ளியதுபோல வண்டியின் பின்பகுதி முழுவதும் ஒரேயடியாக வழுக்கிச் சுழன்றது. ஸ்ரியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தும் அது கேட்கவில்லை. றோஸ் இருந்த பக்கம் விளக்குக் கம்பத்தில் போய் மோதியது.

றோஸின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தகடு வைத்து ஆணி பூட்டினார்கள். விரல்கள் பழையபடி விரியுமோ தெரியாது என்றார் வைத்தியர்.

ஆஸ்பத்திரி நடையில் நீக்கிலாஸ் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு வேகத்தில போனனீ?"

"முப்பதுகூட இருக்காது, அத்தான்."

"மழையில அதுவும் வேகம்தான்" என்றார். பக்கத்தில் நின்ற உறவினர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள்.

அதன் பிறகு ஊர்வாய்க்குக் கேட்கவா வேண்டும். றேஸ் ஓட்டுகிற பெட்டையின் வண்டியில் ஏறினால் இப்படித்தான் என்று கோயிலில் கதைத்தார்கள். றோஸ் அவளோடு பேசுவதை நிறுத்தினாள். பார்க்கப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பூசையில் கீபோட் மூடிக் கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் அஜந்தினி கோயிலுக்குப் போவதையும் விட்டாள். பஸ்சில் வேலைக்குப் போய் வந்தாள். முப்பதாக இல்லாமல் ஐம்பதாக இருந்திருக்குமோ, எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டதோ என்று தன்மீதே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நசுங்கிய பிக்கப் மறுபடி அத்தானின் கராஜில் நின்றது. "நீ ஒண்டும் தொடாதை. நான் ஆறுதலாப் பாக்கிறன்" என்று சொல்லியிருந்தார். அவர் அக்கறை என்று அவள் நினைத்தாள்.

ஆவணியில், வண்டிக்குள் கிடந்த தன் சப்பாத்தை எடுக்கப் போனவள் வண்டிக்குக் கீழே எண்ணெய் தேங்கிக் கிடப்பதைக் கண்டாள். டிபரன்சலில் இருந்துதான் ஒழுகியது. அவர் வேலையால் வர நேரம் இருந்தது. சும்மா நிற்பானேன் என்று ஜாக்கி வைத்துத் தூக்கி, மூடியின் ஆணிகளைக் கழற்றினாள். கறுத்த எண்ணெய் வடிந்து முடிந்ததும் ரோர்ச் அடித்துப் பார்த்தாள்.

உள்ளே கோல்டிங்கில் வாங்கிய எதுவும் இல்லை. வண்டியோடு வந்த அதே பழைய பற்சக்கரங்கள்தான் இருந்தன. அவை ஒன்றோடொன்று அசையாதபடி வெல்டிங் செய்யப்பட்டிருந்தன. மீன்செதில் அடுக்கியதுபோல ஒழுங்கான ஒட்டு. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். இரண்டு பின்சில்லும் வளைவென்றும் மழையென்றும் பாராமல் எப்போதும் ஒன்றாகவே சுழலும். ஈரத்தில் திரும்பினால் ஒன்று வழுக்கியே ஆகவேண்டும். வேலைக்கும் கடைக்கும் அவள் ஓட்டித் திரிந்தது இந்த வண்டியைத்தான்.

நீக்கிலாஸ் வேலை உடுப்போடு கராஜுக்குள் வந்தவர் திறந்து கிடந்த மூடியைக் கண்டு அப்படியே நின்றார்.

"என்ன அத்தான் இது?"

"ஆர் உன்னைத் திறக்கச் சொன்னது?"

"கோல்டிங்கில வாங்கினதெண்டு சொன்னீங்கள்."

"ஒண்டும் கிடைக்கேல்லை. தேடாத இடமில்லை. ஒட்டுறன் எண்டு சொன்னா நீ வேண்டாமெண்டிருப்பாய்."

"ஓம், வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன்! றோட்டில ஓடுற வண்டியெல்லே?"

"எல்லாரும் அந்தத் தண்டைப் பற்றியே கேட்டாங்கள், அஜந்தினி. பிறகு எப்பிடிச் சொல்லுறது? பருவம் முடியக் கழற்றுவமெண்டு இருந்தனான்."

"அண்டைக்கு மழை. உங்கட மனுசியை ஏத்திக்கொண்டு போறன். கேற்றடியில நிண்டு கை காட்டினனீங்கள், அத்தான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அவர் மெல்லக் கேட்டார்: "றோஸுக்குச் சொல்லப் போறியே?"

அவள் நேரே வீட்டுக்குள் போனாள். அக்கா குசினியில் இடக்கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழியும் கைகளோடு நின்றபடியே அஜந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். அவசர அவசரமாக, பாதி தமிழிலும் பாதி டேனிஷிலும் சொன்னாள். இனி அக்கா எழும்பி வந்து தன்னைக் கட்டிப்பிடிப்பாள் என்ற நினைப்பு அவளுக்கு.

றோஸ் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியால வந்த கிழமையே சொல்லிட்டார். காலடியில இருந்து அழுதவர்."

அஜந்தினி அக்காவுக்குக் கிட்டப் போனாள். "தெரிஞ்சுகொண்டோ என்னோட கதைக்காமல் இருந்தனீ? எல்லாரும் என்னைச் சொல்லேக்குள்ள கேட்டுக்கொண்டு இருந்தனீயோ?"

"வெளியில தெரிஞ்சா பொலிஸ், கேஸ். பிள்ளையளுக்கு அவர்தானே அப்பா. உன்ர முகத்தைப் பாத்தா வாயில வந்திடும் எண்டுதான் திரும்பிப் படுத்தனான்." றோஸ் வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "நீ தனி ஆள், அஜந்தி. நீ தாங்குவாய் எண்டு நினைச்சன்."

அத்தான் செய்தது கோபத்தைத்தான் தந்தது. அக்கா சொன்னது வேறு எங்கோ போய்த் தைத்தது. அவள் கை கழுவாமலே வெளியே வந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் நடந்தாள். சப்பாத்தை மறந்துவிட்டிருந்தாள்.

அடுத்த கிழமை இழுவை வண்டி பிடித்துப் பிக்கப்பை வேறிடத்துக்குக் கொண்டுபோனாள். பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு வண்டி இல்லாமலே போனாள். அந்தத் தண்டுகளை எப்படிச் செய்வது என்று ஒருவன் வந்து கேட்டான். "துள்ளலை நிப்பாட்டினது தண்டுதான். பிடி வந்தது தண்டாலை இல்லை. டிபரன்சலை ஒட்டியிருந்தது, எனக்குத் தெரியாது. உங்கட வீதி வண்டியில அதைச் செய்யாதேங்கோ" என்று டேனிஷில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். யார் ஒட்டியது என்று அவர்கள் கேட்டார்கள். அத்தானின் பெயரையும் சொன்னாள்.

மார்கழியில் றோஸ் தொலைபேசி எடுத்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு வரச் சொல்லிக் கேட்டாள். பிள்ளைகள் தேடுகிறார்களாம்.

"வாறன், அக்கா. கோயில் சனத்துக்கு முன்னால அத்தான் ஒருக்கா உண்மையைச் சொல்லட்டும். அதுக்குப் பிறகு வாறன்."

"அது நடக்காது, அஜந்தி" என்றாள் றோஸ்.

நத்தார் அன்று வேலைக்கு ஆள் வேண்டும் என்று முதியோர் இல்லத்தில் கேட்டபோது அஜந்தினிதான் முதலில் கை உயர்த்தினாள்.