ட்ரை என்று சொன்னவள்

வெண்ணந்தூர்ப் பக்கம் ‘ட்ரை’ என்ற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத கிழம்கூடச் சொல்லிவிடும். பசு கறவை வற்றினால் ட்ரை. கிணறு காய்ந்தால் ட்ரை. ஆயிரம் அடி துளைத்தும் சொட்டுத் தண்ணீர் வராத போர் ட்ரையிலும் ட்ரை. அர்த்தத்தில் ஒரு சிக்கலும் இல்லை. அதை யார் சொல்வது என்பதில்தான் அத்தனை வம்பும். போர் வண்டிக்காரர்கள் செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். “புழுதிதானுங்க வருது, போலாமுங்களா?” என்று மட்டும் கேட்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் வீட்டு ஆள் யாராவது வாயைத் திறந்து ‘ட்ரை’ என்றால்தான் வண்டி நிற்கும். சொன்னவர் பாடு அதோடு தொலைந்தது. அடுத்த அடியில் ஆறே ஓடியது, அந்த ஆள்தான் கெடுத்தது என்று ஊர் பத்து வருஷம் பேசும்.

மலர்விழிக்கு இது தெரியாதா என்ன? காலையில் வண்டி வந்து நின்றதிலிருந்து அவள் வாயை இறுக மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

எண்ணூறு அடி வரைக்கும் எருமை விற்ற பணம். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு அடியும் மகள் தனப்பிரியாவின் நர்சிங் படிப்புக்கு வைத்திருந்த பணம். திங்கட்கிழமை கட்டாவிட்டால் சேலத்துக் காலேஜில் சீட்டு போய்விடும். “எண்ணூறோட நிறுத்திக்கலாமுங்க” என்று முந்தின நாளே புருஷனிடம் கெஞ்சியிருந்தாள். “செரி செரி, எனக்குத் தெரியாதா” என்றிருந்தான் அப்புசாமி.

அப்புசாமியின் அண்ணன் சந்திரசேகர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க வீட்டிலிருந்து நாற்காலியே கொண்டுவந்துவிட்டார் மகராசன். போரைக் கிழக்கோரம் போடு என்று போன வருஷம் அவர் சொன்னதைக் கேட்காமல் கிணற்றோரம்தான் என்று நின்றவன் தம்பி. அதிலிருந்து ஒரு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. தண்ணீர் வராவிட்டால் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அப்புசாமியின் கவலை. மகள் சீட்டெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எண்ணூறு அடி ஆனது. வெள்ளைப் புழுதி மட்டும் பறந்தது. அப்புசாமி போய் வண்டி மேனேஜர் அன்பரசுவிடம் ஏதோ பேசினான். நிறுத்தச் சொல்கிறான் என்று மலர்விழிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் துளைக்கிற அடுத்த இரும்பு ராடை எடுத்து மாட்டினார்கள்.

ஒரு ராடு இறங்கினால் இருபது அடி. ஆறு இறங்கியது, பத்து இறங்கியது. அவள் புருஷனிடம் போனாள்.

“ஏனுங்க, போதுமுங்க.”

“போதும்னா என்ன அர்த்தம்? சொல்றத முழுசாச் சொல்லு.”

அவள் சொல்லவில்லை. திரும்பி வந்து நின்றாள். இன்னும் இறங்கியது. அன்பரசு ஒவ்வொரு தடவையும் “போலாமுங்களாண்ணா?” என்று கேட்டான். அப்புசாமி ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். ஆயிரத்து இருநூற்று நாற்பதில் அவளால் தாங்க முடியவில்லை. நேராகப் போய் வண்டி முன்னால் நின்றாள்.

“ட்ரைதானுங்க. நிறுத்திருங்க.”

வண்டி அந்த நிமிஷமே நின்றது. யாரும் அப்புசாமியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். “கேட்டுக்கங்கண்ணா. நான் ஆயிரத்தைந்நூறு வரைக்கும் போலாம்னுதான் இருந்தேன். பொம்பள வாயில வந்துருச்சு, இனி எங்க போறது?”

“அவ அப்படிச் சொன்ன பொறகு எங்கீப்பா தண்ணி வரும்” என்றார் அண்ணன். ஒரு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. தம்பி போய் அவர் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்தான். இரண்டு பேரும் சேர்ந்து தலையை ஆட்டி ஆட்டி அவளை நொந்துகொண்டார்கள். அவளைத் திட்டியே கூடிக்கொண்டார்கள் பாவிகள்.

அன்பரசு கைகழுவ வந்தான். குடத்திலிருந்து மோந்து ஊற்றினாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை போல.

“அக்கா, நீங்க ஒண்ணும் கெடுக்கலீங்க. எண்ணூறுலயே உங்கூட்டுக்காரரு கேட்டாரு, கீழ ஏதாச்சும் இருக்குதான்னு. முழுப் பாறைங்க, ஒண்ணுமில்லீன்னுதான் சொன்னேன். செரி, எங்கூட்டுக்காரி வாயத் தெறக்கற வரைக்கும் ஓட்டுன்னாரு. ஓட்டுனோம்.”

மலர்விழி குடத்தைக் கீழே வைத்தாள். “எத்தன ராடு சாமி?”

“இருவத்திரண்டுங்க.”

அந்தப் பாவி நெஞ்சில் ஈரம் இருந்தால்தானே பூமியில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அழக்கூட வரவில்லை. இருபத்திரண்டு ராடு. பெற்ற மகளின் படிப்பைத் துளைத்தெடுத்திருக்கிறான், அதுவும் ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்லாமல் தப்பிப்பதற்கு.

அப்புசாமி போனை நீட்டிக்கொண்டு வந்தான். “உம்புள்ள. தண்ணி வந்துச்சான்னு கேக்குது. நீயே சொல்லிரு, உனக்குத்தான் வாய் கூசறதில்லையே.”

வாங்கிக்கொண்டாள். வரப்பில் இருக்கிறவருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

“எண்ணூறுலயே ட்ரை, சாமி. உங்கப்பனுக்கு அப்பவே தெரியும். என்ற வாயத் தெறக்க வைக்கறதுக்கு அதுக்குமேல இருவத்திரண்டு ராடு உட்டாரு. அத்தனையும் உன்ற காலேஜுப் பணம்.”

அப்புசாமியின் முகம் செத்துப்போனது. அண்ணன் எழுந்து, நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

“அப்ப திங்கக்கெழம போவேண்டாமாம்மா?” என்று கேட்டாள் தனப்பிரியா.

“வேண்டாஞ்சாமி” என்றாள் மலர்விழி.