ஹாரன் அடிக்காத கார்

பினாங்கில் பதினோரு வருஷம் கார் ஓட்டிய கிதிர் முகம்மது, ஊர் திரும்பியபோது ஒரு தந்தி கூடக் கொடுக்கவில்லை. மத்தியான வேளையில் தென்காசியில் தன் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி அலிமா, யாரோ ஜவுளிக்காரன் என்று நினைத்து, "ஒண்ணும் வேண்டாம், போங்க" என்று தலையைத் தூக்காமலே சொன்னாள்.

அந்தக் கோபம் அவளுக்கு மாசக்கணக்கில் ஆறவில்லை. "வாரவுக ஒரு சத்தம் காட்டிட்டு வரக் கூடாதா? கட்டுன புருசன அடையாளம் தெரியாம வெரட்டினவன்னு தெருவே சிரிக்கி" என்று நினைத்து நினைத்துப் பொருமினாள். கடைசியில் ஒன்று சொன்னாள். "இங்கன வேல பாத்து இருக்கதுன்னா இருங்க. இன்னொரு தடவ கப்பல் ஏறுனா, நான் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாப்பா வீட்டுக்குப் போயிருவேன். பெறகு நீங்க திரும்பி வந்தாலும் வர மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள்தான். கிதிருக்கு அது நன்றாகத் தெரியும்.

நல்ல வேளையாக இலஞ்சி சிவசுப்பிரமணிய பிள்ளை அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். பினாங்கில் துரைக்குக் கார் ஓட்டிய ஆள் தனக்கு ஓட்டுகிறான் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு குஷி. கிதிரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். சுற்றுவட்டாரத்தில் சொந்தக் காரும் அதற்கொரு டிரைவரும் வைத்திருந்தவர்கள் மிகக் கொஞ்சம். இந்த வேலை போனால் அடுத்தது கப்பல்தான்.

சட்டம் என்று பார்த்தால் ரெண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அங்கேயும் வெள்ளைக்காரன் எழுதி வைத்ததுதான், இங்கேயும் அவன் எழுதி வைத்ததுதான். வண்டி இடது பக்கம் போக வேண்டும், திரும்பும்போது கை காட்ட வேண்டும். ஆனால் பினாங்கில் அதன்படி நடந்தார்கள். தென்காசியில் அது பாட்டுக்குக் கிடந்தது.

கிதிர் பழக்கத்தை விடவில்லை. யாராவது ரோட்டைக் கடக்க நின்றால் காரை நிறுத்துவான். நின்றவர்களோ, கார் தங்களுக்காக நிற்கிறது என்பதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? "யாரத் தேடுதிய?" என்று ஜன்னலுக்குள் தலையை விட்டு விசாரிப்பார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, "மேலகரத்துல விட்டுருப்பா, நல்லா இருப்ப" என்று வாழ்த்தினார். கிதிர் பேசாமல் கொண்டுபோய் விட்டான்.

இதையெல்லாம் பிள்ளை பொறுத்துக்கொண்டார். அவருக்குப் பொறுக்காதது ஹாரன் விஷயம். மதுரையில் இருந்து ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய இரட்டைக் குழல் ஹாரன் அது. கிதிர் அதைத் தொடுவதே இல்லை.

"என்னவே, ஹாரன் ரிப்பேரா?"

"இல்ல மொதலாளி. அங்கன சும்மா சும்மா ஹாரன் அடிச்சா மரியாதக் கொறவு. நடுரோட்டுல நின்னு ஒருத்தர ஏலேன்னு கூப்பிடுத மாதிரி."

"நம்ம கார் வருதுன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமாவே?"

"மெதுவாத்தானே வாரேன். கண்ணால பாத்துக்கிட வேண்டியதுதானே?"

துரை சொல்லுகிற மாதிரி இருந்ததால் பிள்ளை மேற்கொண்டு பேசவில்லை. கிதிருக்கும் உள்ளுக்குள் ஒரு கர்வம். இந்த ஊரில் தனக்கு மட்டும்தான் சத்தம் போடாமல் ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்துச் சாரல் காலம். ஆடி ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. பிள்ளையைப் பெரிய அருவிப் பக்கம் இறக்கி விட்டு, அவருடைய சம்பந்தி வீட்டாரை ஐந்தருவிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கிதிர் வெறும் காரோடு திரும்பி வந்தான்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட மனுஷனுக்குக் கண் கிடையாது. தேய்த்து விடுகிறவன் உச்சந்தலையில் ஊற்றி, தட்டி, உருவி எழுப்பி விடுவான். அதற்கப்புறம் முகமெல்லாம் நல்லெண்ணெய் வழிய, கண்ணை இடுக்கிக்கொண்டு, அருவிச் சத்தம் வரும் திசையில் நடக்க வேண்டியதுதான். நடுவில் ரோடு வந்தால் காதுதான் துணை. ஹாரன் கேட்டால் நிற்பார்கள், கேட்காவிட்டால் நடப்பார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் சாரலுக்கு வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும், கிதிரைத் தவிர.

கோவணமும் தொந்தியுமாக ஓர் எண்ணெய் உடம்பு ரோட்டோரத்தில் வந்து நின்றதைக் கிதிர் பார்த்தான். வேகத்தைக் குறைத்தான். கையை வெளியே நீட்டி, மெதுவாகப் போவதற்கான சைகையையும் முறைப்படி காட்டினான். கார் அநேகமாக நின்றேவிட்டது; அந்த ஆளும் அப்படியே நின்றார். பார்த்துவிட்டார், கார் போகட்டும் என்று நிற்கிறார் என எண்ணிக் கிதிர் காரை நகர்த்தினான்.

அவர் நின்றது காரைப் பார்த்து இல்லை. இடுப்பில் நழுவியதை இறுக்கிக் கட்டத்தான் நின்றார். கட்டி முடித்ததும் விறுவிறுவென்று ரோட்டில் இறங்கினார்.

கிதிர் பிரேக்கை மிதித்தான். பம்பர் முழங்காலுக்குக் கீழே தட்டியது. ஆள் பானெட் மேல் விழுந்து, எண்ணெய் உடம்பாகையால் பாறையில் வழுக்கின மாதிரி சர்ரென்று வழுக்கி மறுபக்கம் போய் விழுந்தார்.

"ஐயோ முருகா!"

குரலைக் கேட்ட பிறகுதான் அது தன் முதலாளி என்று கிதிருக்குத் தெரிந்தது. கண்ணாடியும் சட்டையும் இல்லாமல், எண்ணெய் மின்ன, அவரை அவன் பார்த்ததே இல்லை.

கூட்டம் கூடிவிட்டது. "பாவிப்பய, ஹாரன் அடிச்சா வெரலா தேஞ்சு போயிரும்?" என்று சுக்குக்காப்பி விற்கிற பிச்சம்மாள் கத்தினாள். ஆனால் கிதிரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. போலீஸ் ஏட்டு வருவதைக் கண்டு பக்கத்தில் வந்து, "அடிச்சேன்னு சொல்லு. நானும் கேட்டேன்னு சொல்லுதேன்" என்று முணுமுணுத்தாள்.

"ஹாரன் அடிச்சீரா?" என்றார் ஏட்டு.

"அடிக்கல. மெதுவாத்தான் வந்தேன். கையும் காட்டுனேன். அவுகதான் பாக்கல."

"எண்ணெ தேச்சவன் எத வச்சுவே பாப்பான்?"

இத்தனை நாளும் இதை யோசிக்கவே இல்லையே என்று கிதிருக்கு வெட்கமாக இருந்தது. தன் கர்வத்தால் ஓர் உயிர் போயிருக்கும் என்று நினைத்தபடி முதலாளியைத் தூக்கக் குனிந்தான்.

பிள்ளைக்குக் காலில் எலும்பு முறிவு. கேஸ் எதுவும் வேண்டாம் என்று ஏட்டை அனுப்பிவிட்டார். சொந்தக் காரிலேயே அடிபட்டேன் என்று கோர்ட்டில் போய்ச் சொல்ல அவர் தயாராக இல்லை. கிதிர்தான் அவரை இலஞ்சி வீட்டில் கொண்டு சேர்த்தான். சேதி அவனுக்கு முன்னாலேயே தென்காசிக்குப் போயிருந்தது. அவரைப் படுக்கவைத்துவிட்டு ஓடிப்போய்த் தன் வீட்டை எட்டிப் பார்த்தபோது, அலிமாவின் தகரப்பெட்டி பூட்டுப் போட்டு நிலைப்படி ஓரத்தில் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பிள்ளை கூப்பிட்டு அனுப்பினார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலை நீட்டிப் படுத்திருந்தார். தலைமாட்டில் கார் சாவி.

"நீரு மெதுவா வந்ததாலதான் நான் இருந்து பேசுதேன். வேற எவனா இருந்தாலும் மேல ஏத்தியிருப்பான். அது எனக்குத் தெரியும்வே."

கிதிர் தலையைக் குனிந்தபடி நின்றான்.

"ஆனா ஹாரன் அடிச்சிருந்தா நான் நின்னுருப்பேன். உங்க பினாங்குல கண்ணத் தொறந்துக்கிட்டு நடக்கான். இங்கன காதத் தொறந்துக்கிட்டு நடக்கோம். அடிப்பீரா, மாட்டீரா? அடிப்பேன்னா சாவிய எடும். நாளைக்கு விடியக்காலம் கட்டு வைத்தியரத் தென்காசியில இருந்து கூட்டியாரணும்."

கிதிர் அந்தச் சாவியையே பார்த்தான். பதினோரு வருஷத்தில் அவன் சம்பாதித்த மரியாதை, ஹாரன் அடிக்காமல் ஓட்டுவது ஒன்றுதான். அடித்துப் பழகிவிட்டால் தானும் இந்த ஊர் டிரைவர்களில் ஒருத்தன். பெட்டியின் பூட்டு ஞாபகம் வந்தது.

"அடிக்கேன் மொதலாளி."

வைத்தியரைக் கூட்டி வருவதற்காகக் காரை அன்றே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, இலஞ்சியில் இருந்து தென்காசி வரைக்கும் அடித்தான். மாட்டுவண்டிக்கு அடித்தான், ஆட்டுக்கு அடித்தான், ஆளில்லாத வளைவுக்கும் அடித்தான். ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசியது. நடந்து போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தன் கையைத் தூக்கிச் சலாம் வைத்தான்.

தன் தெருவுக்குள் நுழையும்போது மட்டும் விரலை எடுத்தான். தெருவில் ஒருத்தருமில்லை, இங்கே எதற்கு என்று தோன்றியது. பிறகு என்ன நினைத்தானோ, நீளமாக ஒரு தடவை அழுத்தினான்.

கார் நிற்கும் முன்னே கதவு திறந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அலிமா வாசலில் நின்றாள். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எட்டிப் பார்க்கிறார்களா என்று ஒரு நோட்டம் விட்டாள். பார்த்தார்கள்.

"மொனையில திரும்பும்போதே கேட்டுச்சு. வாரியன்னு தெரிஞ்சு சோத்தப் போட்டு வச்சுட்டேன்" என்றாள்.

கிதிர் செருப்பைக் கழற்றினான். அவன் உள்ளே வர வழிவிட்டு, அவள் நிலைப்படி ஓரத்துப் பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி, பழைய மூலைக்கே கொண்டுபோனாள்.