வெள்ளிச் சுவாசப்பை

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன நாற்பதாம் நாள், ஒரு பின்னேரம், எமிலியானுஸ் மனைவி றஞ்சிதத்தோடு வாட்டுக்கு வந்தான். கீரிக் கடற்கரையில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். ஆழத்திலிருந்து அவசரமாய் மேலே வந்ததில் ஒரு பக்கச் சுவாசப்பை சுருங்கி, செத்துப் பிழைத்தவன்.

றஞ்சிதம் தாதி அன்ரோனெற்றின் கையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள்.

"கண் முழிக்கேக்க இவர் முதல் கண்டது உங்கட முகத்தைத்தான் மிஸ்ஸி. அந்தோனியாருக்கு ஒண்டு நேர்ந்தனான். உங்களுக்கும் ஒண்டு அடிப்பிச்சன்."

கண்ணில் வருத்தமென்றால் வெள்ளிக் கண், காலிலென்றால் வெள்ளிக் கால் என்று கோயிலுக்கு நேர்வது அந்தக் கரையின் வழக்கம். பெட்டிக்குள் மெல்லிய சங்கிலியில் கோத்த வெள்ளிச் சுவாசப்பை இருந்தது. மூச்சுக்குழாயின் வளையங்கள்கூடத் தெரிந்தன. ஒரு பக்கம் நிறைந்திருந்தது. மறுபக்கம் நகமளவுக்கு ஒடுங்கிக் கிடந்தது.

பக்கத்தில் நின்ற இன்னொரு தாதி எட்டிப் பார்த்தாள். "என்னடி, பத்தருக்கு வெள்ளி போதாமப் போச்சோ?"

"இல்லை மிஸ்ஸி," றஞ்சிதமும் சிரித்தாள். "சிவசுப்பிரமணியம் பத்தர் முந்தி இதைச் செய்ததில்லையாம். நான்தான் எக்ஸ்ரேப் படத்தைக் கொண்டுபோய்க் குடுத்தனான். கிடந்த மாதிரியே அடிச்சுத் தந்திட்டார்."

அந்தப் படம் எப்போது எடுத்தது என்று அன்ரோனெற்றுக்குத் தெரியும். அன்றைக்கு அவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். நாக்குக் குழறியது. வள்ளத்தில் கூட வந்தவர்கள் குளிருக்கென்று சாராயம் பருக்கியிருந்தார்கள். அவள் மூக்கைச் சுளித்து, "வெறி முறியட்டும், அந்த வாங்குப் பலகையில இருத்துங்கோ" என்றாள். பிறகு மறந்துபோனாள். வாட்டுத் துடைத்துக்கொண்டு வந்த றம்லாதான் நெஞ்சின் ஒரு பக்கம் அசையாததைக் கண்டு டொக்டரிடம் ஓடியவள். படம் எடுத்தது அதற்குப் பிறகு.

றம்லா இப்போதும் நாலு கட்டிலுக்கு அப்பால் நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்ரோனெற்றின் வாய் தன்பாட்டில், "நல்ல வடிவாயிருக்கு" என்றது.

அவர்கள் போனபின் பெட்டியை றம்லாவிடம் நீட்டினாள். "இது உனக்குச் சேரவேண்டியது."

"எனக்கு வேணாம் மிஸ்ஸி. அவங்க உங்களுக்கெண்டுதானே கொண்டுவந்தாங்க." றம்லா துணியைப் பிழிந்தாள். "எங்கட வீட்டிலயும் அட்டைக்குப் போறாங்க. அதால எனக்கு விளங்கிச்சு. அவ்வளவுதான்."

கோபமில்லாத அந்தக் குரலை அன்ரோனெற் மூன்று நாள் சுமந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீரியில் இறங்கினாள்.

எமிலியானுஸ் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டார்கள். அவள் அதில் இருக்காமல் நின்றாள்.

"அண்டைக்கு இவரை வாங்கில இருத்தினது நான்தான். வெறியெண்டு நினைச்சிட்டன். டொக்டரைக் கூப்பிட்டது றம்லா, வாட்டுத் துடைக்கிற பிள்ளை."

தூரத்தில் ஒரு வள்ளத்தின் எஞ்சின் சத்தம் வந்து, நின்றது.

"எவ்வளவு நேரம்?" என்றாள் றஞ்சிதம்.

கொஞ்ச நேரம் என்று சொல்லத்தான் பஸ்ஸில் நினைத்து வைத்திருந்தாள். "ஒண்டேகால் மணித்தியாலம்."

"அவ்வளவு நேரமும் நான் கேற்றுக்கு வெளியில செபமாலை சொல்லிக்கொண்டு நிண்டனான். உள்ள பாக்கினம் எண்டு நினைச்சு."

"சாராயம் மணத்ததுதானே," எமிலியானுஸ் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "பொடியள் பருக்கினதுக்கு மிஸ்ஸி என்ன செய்யிறது?"

"நீங்கள் பேசாம இருங்கோ."

அன்ரோனெற் பெட்டியை நீட்டினாள். றஞ்சிதம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நேர்ந்து குடுத்ததைத் திருப்பி வாங்கேலாது. அந்தோனியாரிட்டையும் கேக்கேலாது, உங்களிட்டையும் கேக்கேலாது. வைச்சிருங்கோ." பிறகு கேட்டாள்: "அந்தப் பிள்ளைக்கு எப்ப டியூட்டி?"

"நாளைக்குக் காலமை."

"சரி."

ஏசினால் நல்லது என்று அன்ரோனெற் காத்து நின்றாள். யாரும் ஏசவில்லை. தேத்தண்ணி வைக்கட்டோ என்று கேட்கவுமில்லை. றஞ்சிதம் கொடியடிக்குப் போய்க் காய்ந்த சேட்டுகளை ஒவ்வொன்றாய் எடுத்து மடித்தாள். எமிலியானுஸ் மட்டும் எழும்பி நின்றான். நின்றதிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது.

வாறன் என்று சொல்லத்தான் அன்ரோனெற் வாயெடுத்தாள். இந்த வீட்டுக்கு இனி எந்த முகத்தோடு வருவது?

"போறன்" என்றாள்.