கடுத்தத்தில் போட்ட திகதி

அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பாறூக்கின் போன் சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது. இப்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தலையிடி. இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு வெள்ளைக்காரியும், ஒருவர் கதைக்க மற்றவர் விடாமல் கத்திக்கொண்டிருப்பார்கள். அதற்குமேல் ஒருவன் அவசர அவசரமாகத் தமிழில் விளக்கம் சொல்லுவான். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் திரும்பச் சேர வேண்டுமா, வேண்டாமா? இதுதான் விவாதம். மாம்புரியில் மிளகாய்த் தோட்டம் செய்கிற மனிசனுக்கு அதில் என்ன கிடக்கிறது என்று கேட்பீர்கள். கிடக்கிறது. அவனுடைய மூத்த மகள் ஸஹ்னாவின் வாழ்க்கை கிடக்கிறது.

“ஹாசிம் மச்சான், கேட்டீங்களா? பாதிக்கு மேல சனம் திரும்பச் சேரணும் என்டுதான் சொல்லுதாம்.”

“போன மாசமும் அதத்தானே சொன்னாங்க.”

“இந்த முறை கொஞ்சம் கூடியிரிக்கு.”

மற்றச் செருப்பும் கிடைத்துவிட்டது. இனி நிற்பதற்குச் சாட்டு இல்லை. ஆனாலும் நின்றேன். பாறூக்கிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த விவாதத்தை நானும் வீட்டில் தனியாகப் பார்க்கிறேன், அதுவும் அவனைவிடக் கூடவே. இங்கிலாந்துக்காரன் திரும்பச் சேர்ந்துவிட்டால் நான் ஒரு கடிதம் எழுதாமல் தப்பிவிடலாம்.

விசயம் இதுதான். இந்தப் பக்கத்துக்கு முஸ்லிம் விவாகப் பதிவாளராக இருபத்திரண்டு வருசமாக இருக்கிறேன். பாறூக்கின் குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தது. அவர்களோடு வந்த இன்னொரு குடும்பம் ஒல்லாந்துக்குப் போய் அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் எடுத்தது. அந்த வீட்டு மகன்தான் ஆகிப். ஒல்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய் லெஸ்டரில் ஒரு பேக்கரியில் வேலை. அப்போது இரண்டு நாடும் ஒரே ஒன்றியத்துக்குள் இருந்தன, போய்வர ஒரு கேள்வியும் இல்லை. இரண்டாயிரத்து இருபது மாசியில் இரண்டு கிழமை லீவில் வந்து ஸஹ்னாவைப் பேசி முடித்தான். கலியாணத்தைச் சித்திரையில் ஊர் கூட்டிப் பெரிதாகச் செய்வோம் என்றார்கள். அதுவரை இரண்டு பேரும் போனில் கதைப்பார்களே, நிக்காஹ் ஆகாமல் அது கூடுமா?

“கதைக்கிறத ஹலாலாக்கி உட்டுருங்க மச்சான். புத்தகம் பொறகு எழுதலாம்” என்றான் பாறூக்.

நம் பக்கத்தில் இது புதுமையில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவன் வீட்டு முன்னறையில் எட்டுப் பேர். இரண்டு சாட்சி, மாப்பிள்ளை கொடுக்கிற மஹர் ஒரு சங்கிலி. பாறூக் மருமகனின் கையைப் பிடித்துக்கொள்ள, நான் ஓதி நிக்காஹை முடித்து வைத்தேன். பிறகு வட்டிலப்பமும் பிளேன்ரீயும். கடுத்தப் புத்தகத்தை, அதாவது விவாகப் பதிவேட்டை, நான் எடுத்துப் போகவே இல்லை. வெளியில் தெரிந்தால் ‘களவாக் கலியாணம் முடிச்சிட்டாங்க, எங்களுக்குச் சாப்பாடு இல்லையா’ என்று ஊர் கதைக்கும். ஆகிப் பிளேன் ஏறினான். அடுத்த மாதம் கொரோனா வந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தைப் பூட்டினார்கள். சித்திரையாவது ஒன்றாவது.

அவன் திரும்பி வர இரண்டரை வருசம் எடுத்தது. இருபத்திரண்டு ஆவணியில் வந்தான். நாட்டில் பெற்றோலும் இல்லை, காஸும் இல்லை. விறகு வைத்துத்தான் புரியாணி ஆக்கினோம். அன்றைக்கு முந்நூறு பேருக்கு முன்னால் நிக்காஹை இன்னொரு தடவை சொல்லி, புத்தகத்தை விரித்தேன். நிக்காஹ் நடந்த திகதி என்ற இடத்தில் ஆவணி பதினான்கு என்று எழுதினேன். கலியாணக் கார்டில் அச்சடித்திருந்த திகதி அதுதான். கார்டில் ஒன்றும் கடுத்தத்தில் ஒன்றும் கிடந்தால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். இப்படி எத்தனையோ கலியாணத்துக்கு எழுதியிருக்கிறேன், ஒருவருக்கும் ஒரு மயிரிழை நட்டம் வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்தில், ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த கணக்கில், இருபதாம் ஆண்டு டிசம்பர் முப்பத்தொன்று என்று ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கோட்டுக்கு முந்திக் கலியாணம் முடித்திருந்தால் ஆகிப்பின் ஒல்லாந்துக் கடவுச்சீட்டின் பேரில் பெண்சாதியும் போய்ச் சேரலாம். பிந்தி முடித்தால் வேறு சட்டம், அதற்கு அவனுடைய பேக்கரிச் சம்பளம் காணாது. ஒல்லாந்துக்குத் திரும்பிப் போய் அவளை எடுப்பதென்றால் அங்கே முதலில் நிரந்தர வேலை தேட வேண்டும், இவள் அந்தப் பாஷையில் சோதனை எழுத வேண்டும். எல்லாம் பார்த்துவிட்டார்கள். விசாவை மறுத்த கடிதத்தை ஸஹ்னாதான் எனக்கு வாசித்துச் சொன்னாள். உங்கள் விவாகச் சான்றிதழின்படி நீங்கள் அப்போது மனைவி இல்லை என்று எழுதியிருந்தது.

லண்டனிலுள்ள லோயர் ஒரு வழி சொன்னார். நிக்காஹை நடத்தியவர் உண்மையை எழுதித் தர வேண்டும். மாசியில் நடந்தது, புத்தகத்தில் ஏன் வேறு திகதி போட்டேன் என்று விளக்கிக் கையெழுத்து வைக்க வேண்டும். அதாவது, அரசாங்கப் புத்தகத்தில் பொய் எழுதினேன் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். பதவி போகும். வழக்கும் வரும். பாறூக் கேட்டபோது “பாப்பம்” என்றேன். அது நடந்து ஒன்றரை வருசம். நாணயமான மனிசன், இரண்டாம் தடவை கேட்கவில்லை. பதிலுக்கு இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டான்.

பள்ளிக்கு முன்னால் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் றொபி அவனை விடுவதில்லை. றொபியின் தம்பி இத்தாலியில்.

“பாறூக் நானா, ஒங்கட இங்கிலாந்து என்னவாம்? உள்ளுக்கா வெளியிலயா? எங்கட இத்தாலிக்காரன் ஒரு தரமும் கோவிச்சிட்டுப் போகல்ல, பாத்தீங்களா?”

“சிரிங்க, சிரிங்க. சேந்த பொறகு கதைப்பம்” என்பான் பாறூக். ஒரு நாளும் கோபப்பட மாட்டான். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. என்னை நாலு ஏச்சு ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏசி, மனம் ஆறியிருக்கும்.

புதன்கிழமை காலையில் ஸஹ்னா தனியாக வந்தாள். படலை திறந்த சத்தத்தில் எட்டிப் பார்த்தேன். கடிதம் கேட்கத்தான் வருகிறாள். சொல்வதற்கு வழக்கமான சாட்டுகளை மனதுக்குள் அடுக்கினேன். புத்தகங்கள் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன, மாவட்டப் பதிவாளரை ஒரு தரம் கண்டு கேட்க வேண்டும், நோன்பு முடியட்டும். எல்லாம் பழைய சாமான். என் பெண்சாதி பளீலா கதிரையை இழுத்துப் போட்டாள்.

“மாமா, கடுத்தத்துட பிரதி ஒன்டு வேணும்.”

“ஏன் மகள், இரிக்கிற பிரதி எங்க?”

“அது லண்டன் பைலோட போயிட்டு. இது காதியார்ட்ட குடுக்க.”

எனக்கு உடனே விளங்கவில்லை. பளீலாவுக்கு விளங்கிவிட்டது, “யா அல்லாஹ்” என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். காதியாரிடம் கடுத்தத்தின் பிரதியைக் கொண்டுபோகிற பெண் விவாகரத்துக்கு அல்லாமல் வேறெதற்குப் போவாள்?

“ஆகிப்புக்குத் தெரியுமா?”

“ஓம். போன வெள்ளிக்கிழம ரெண்டு பேரும் கதைச்சம். சண்டயெல்லாம் இல்ல மாமா. சண்ட பிடிக்கவும் ஆள் பக்கத்துல இரிக்கணுமே.” அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். “அவரும் களச்சிட்டாரு, நானும் களச்சிட்டன். போனுக்கு சார்ஜ் போட்டுப் போட்டு எவ்வளவு காலம் குடும்பம் நடத்துற?”

“வாப்பாவுக்கு?”

“அவருக்கு எப்பிடிச் சொல்ற? அவரு இங்கிலாந்தச் சேத்து வச்சிட்டுத்தான் ஓய்வாரு. ராவுல சோத்துப் பீங்கானுக்கு முன்னாலயும் அந்த வாதம்தான். அவங்க சேரட்டும், சேராம உடட்டும். நான் அதக் கேக்கிறத உட்டுட்டன்.”

பைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு இடத்தைத் தவிர எல்லாம் நிரப்பியிருந்தாள்.

“நிக்காஹ் நடந்த திகதி கேட்டிரிக்கு. எத எழுத மாமா?”

நான் படிவத்தை என் பக்கம் இழுத்து அந்த வெறும் இடத்தைப் பார்த்தேன்.

“லண்டன்காரனுக்கு ஆவணியாப் போயிட்டு. சரி. காதியாருக்கும் ஆவணிதானா? நான் அந்த மாசியில இரிந்து அவருக்குப் பொண்டாட்டி. கொரோனாவுல அவரு காய்ச்சலாக் கெடக்கக்குள்ள விடிய விடிய போனோட குந்திக்கிட்டு இரிந்தது பொண்டாட்டியாத்தானே? அந்த ரெண்டர வருசத்த நான் எங்க கொண்டுபோய்ப் போட?”

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபது வயதில், வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன், ஊரில் நாலு பேர் ‘ஹாசிம் சேர்’ என்று எழுந்து நிற்கிறவன், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசை விரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு நாட்டுக்காரன் மனம் மாறினால் என் தலை தப்பும் என்று ஒன்றரை வருசம் காத்திருந்தேனே. அந்த நாட்டுக்காரனுக்கு ஸஹ்னாவைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

“எழுதிக் குடுங்க” என்றாள் பளீலா.

அலுமாரியைத் திறந்து தாள் எடுத்தேன். அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. இருபதாம் ஆண்டு மாசி பதினாறு, மஃரிபுக்குப் பிறகு, இன்னாருடைய வீட்டில், இன்னின்ன சாட்சிகளுக்கு முன்னால். புத்தகத்தில் எழுதிய திகதி பிழை. பிழை என்று தெரிந்துகொண்டே எழுதியவன் நான். கையெழுத்து வைத்துச் சீலும் குத்தினேன். இவ்வளவுதானா என்றிருந்தது.

ஸஹ்னா இரண்டு தரம் வாசித்தாள்.

“இது காதியாருக்கும் ஆகும். லண்டனுக்கும் ஆகும்” என்றேன். நேரத்தோடு தந்திருந்தால் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

“ஒங்களுக்கு என்ன ஆகும் மாமா?”

“எனக்கென்ன. பாப்பம்.”

படிவத்தையும் கடிதத்தையும் வேறு வேறாக மடித்தாள். திகதி கேட்டிருந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருந்தது. ஸலாம் சொல்லிவிட்டு இறங்கினாள். நான் படலை வரைக்கும் போனேன். வீட்டுக்கு முன்னால் பெரிய ரோட்டு. இந்தப் பக்கத்து ஹோல்ட்டில் புத்தளம் பஸ் நிற்கும், புத்தளத்தில்தான் லண்டன் கடுதாசிகளைச் சரிபார்த்து அனுப்புகிற லோயரின் கந்தோர். ரோட்டைக் கடந்து நின்றால் கற்பிட்டி பஸ், அது காதியார் வீட்டுப் பக்கம். அவள் இந்தப் பக்கத்து ஓரத்தில் நின்றாள். கற்பிட்டி பஸ் முதலில் வந்து எதிரே நின்றது, கொண்டக்டர் அவளைப் பார்த்து “நகின்ன, நகின்ன” என்று சிங்களத்தில் ஏறச் சொல்லிக் கத்தினான். அவள் அசையவில்லை. அடுத்ததாகப் புத்தளம் பஸ்ஸும் வந்து அவளுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தது. அதற்கும் அவள் கையை நீட்டவில்லை. இரண்டு பஸ்ஸும் போன பிறகு கடற்காற்று ரோட்டு மணலைக் கிளப்பிவிட்டது. ஒரு கையால் அபாயாவை அமுக்கிக்கொண்டு, மற்றக் கையில் இரண்டு தாளையும் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கியபடி அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றாள்.