பழைய மெத்தையில் ஒரு துண்டு

வண்டி கிளம்புவதாக இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், உள்ளே பெட்டியில் படுத்திருந்த மனிதரை மறந்துவிட்டு, அவருடைய மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்த மகனையே பார்த்தார்கள். ஊரில் ஓடாத வண்டியெல்லாம் அவன் கைப்பட்டால் ஓடும் என்று பேர். இன்றைக்கென்று அந்தப் பேர் வாசலில் வியர்த்துக்கொண்டு நின்றது.

அவனுடைய வண்டி பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. மெக்கானிக் வீட்டு வண்டி என்றைக்கு முழுசாக இருந்திருக்கிறது? சித்தப்பாவின் வண்டியை யாரோ இடுகாட்டு வேலைக்காக எடுத்துப் போயிருந்தார்கள். மிச்சமிருந்தது அப்பாவின் வண்டிதான்.

"நாலு மணிக்கு மூடியாகணும்டா," என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. "ரெண்டு நாளாச்சு. இதுக்கு மேல தாங்காது. மூடினா மூடினதுதான், இடுகாட்டுல போய்த் திறக்க விடமாட்டாங்க."

"அதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுறேன் சித்தப்பா. முகத்தைக்கூடப் பாக்கலன்னா அவ உடைஞ்சு போயிடுவா."

தங்கை வேலை பார்க்கும் ஊரிலிருந்து இரண்டு நாளாக வந்துகொண்டிருக்கிறாள். கடைசி பஸ் அவளை நாற்சந்தியிலேயே இறக்கிவிட்டது. வீடு வரைக்கும் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸும் கிடையாது, ஆட்டோவும் வராது. டிப்பர் லாரிகள் மட்டும் மண்ணைக் கிளப்பிக்கொண்டு போய் வந்தன.

கடைசியில் வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. பின்னால் நீலப் புகை. இன்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது என்று அர்த்தம். இருந்தும் ஏறி உட்கார்ந்தான்.

அப்பாவுக்குக் கல் உடைக்கும் ஆலையில் லாரிகளை எடை போடும் வேலை. பல வருஷம் இதே மண்ணில்தான் போய் வந்தார். காற்றை வடிகட்டுவதற்கு வைத்திருக்கும் ஃபில்டர்தான் வண்டியின் மூச்சைப் பிடிக்கிறது என்பது அவருடைய கட்சி. ஒருநாள் அதைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு, பழைய மெத்தையிலிருந்து ஸ்பாஞ்சை ஒரு துண்டு வெட்டி அங்கே செருகினார். "இப்ப பாரு, எப்படி இழுக்குதுன்னு!" என்று மகனிடமே பீற்றிக்கொண்டார். இழுக்கத்தான் செய்தது. மண்ணையும் சேர்த்து இழுத்தது. அவன் புது ஃபில்டர் வாங்கிக் கொடுத்தால், பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் பத்திரப்படுத்திவிடுவார். "நல்ல பொருளை எதுக்குடா மண்ணுல போடுறது? அவசரத்துக்கு இருக்கட்டும்" என்பார். புதுச் சட்டையையும் அப்படித்தான் வைத்திருந்தார். இன்றைக்குக் காலையில்தான் அதைப் பிரித்து அவருக்குப் போட்டுவிட்டார்கள். ஃபில்டர் இன்னும் அலமாரியில்தான் இருந்தது.

நாற்சந்தியில் தங்கை பையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள். அழவில்லை.

"இந்த வண்டியிலயா வந்தே?"

"ஏறு. பேச நேரமில்ல."

பின்னால் ஏறிக்கொண்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் காதருகே கேட்டாள்.

"கஷ்டப்பட்டாராண்ணா?"

"இல்ல. ஷூ போட உக்காந்தாரு. ஒரு கால்ல போட்டுட்டாரு, அவ்வளவுதான்."

அவள் நெற்றி அவன் முதுகில் வந்து முட்டியது.

மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்குச் சத்து விட்டுப்போனது. முறுக்கினால் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. பாதி மேட்டில் வண்டி ஒரேயடியாக நின்றது. உதைத்தான். கிக்கர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே போனது. இன்ஜின் முடிந்தது என்று அந்த ஒரு உதையிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஸ்பேனரை எடுத்தான்.

ஃபில்டர் டப்பாவைத் திறந்தான். மெத்தைத் துண்டு உள்ளே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் நூல் வைத்துக் கட்டியிருந்தார், அழகாக. அதற்குப் பின்னாலிருந்த ரப்பர் குழாயில் விரலை விட்டுத் தடவி, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தான். நறநறத்தது. இந்த நைசான மண்தான் எண்ணெயோடு குழைந்து பிஸ்டனையும் சிலிண்டரையும் உட்கார்ந்து அரைத்திருக்கிறது.

"என்னாச்சு?" என்றாள் தங்கை.

"மண்ணு உள்ள போயிடுச்சு."

"எடுத்துடேன்."

"எடுக்கலாம். அது தின்னதை எடுக்க முடியாது."

"நீ மெக்கானிக்தானேண்ணா?" குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

கார்புரேட்டரைக் கழற்றி வாயால் ஊதினான். பிளக்கைக் கழற்றினான். இன்ஜினுக்கு அடியில் நட்டைத் தளர்த்தி, கையைக் குழித்து, வழிந்த சூடான எண்ணெயைப் பிடித்து பிளக் ஓட்டைக்குள் விட்டான். தேய்ந்த இடத்தை எண்ணெய் அடைத்துக்கொண்டால் கொஞ்ச தூரமாவது ஓடும். சாகப்போகிறவனுக்குச் சோடா கொடுக்கிற வைத்தியம். வண்டி ஒருமுறை கிளம்பியது. தங்கை பையோடு ஓடிவந்து ஏறுவதற்குள் புகையைக் கக்கி அடங்கிவிட்டது.

ஒரு டிப்பர் கடந்தது. தங்கை கையைக் காட்டினாள். மேட்டில் நிறுத்தினால் பின்னால் வருபவன் மோதுவான் என்று டிரைவர் சைகை காட்டிவிட்டுப் போனான். இருவர் மேலும் மண் இறங்கியது. நடந்தால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு போய்ச் சேரலாம்.

அவன் சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டான்.

"சித்தப்பா, மூடாதீங்க. அப்பாவை அப்படியே வேன்ல ஏத்திட்டு இந்த வழியா வந்துடுங்க."

"அந்த மண்ணுலயா? சுத்து வழியில போறதாத்தானே பேச்சு?"

"வண்டி போயிடுச்சு சித்தப்பா. என்னால ஒண்ணும் பண்ண முடியல."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரிடா. மூடியைத் தனியா வச்சுக்கிட்டு வர்றேன். அவளை அழ வேணாம்னு சொல்லு."

அவள் அழவில்லை. பையைத் திறந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டாள். அப்பா முன்னால் அலங்கோலமாக நிற்க அவளுக்கு மனசில்லை. வாரிய தலையில் அடுத்த லாரி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது.

வேன் வந்தது. அதன் வாலைப் பிடித்தபடி இரண்டு டிப்பர்கள். வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சீக்கிரம் பாத்துக்கங்க, இங்க நிறுத்தக் கூடாது" என்றார். சித்தப்பா உள்ளிருந்து பின்கதவைத் தள்ளித் திறந்தார்.

அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. காலையில் மகன்தான் சவரம் செய்து, பளிச்சென்று துடைத்து விட்டிருந்தான். இப்போது புருவம், இமை, கன்னத்துக் குழி, புதுச் சட்டையின் காலர் எல்லாவற்றிலும் மாவு சலித்தது போல மண் படிந்திருந்தது. மூக்குக்குக் கீழே படிந்தது மூச்சில் எந்தப் பக்கமும் இழுபடாமல் அப்படியே கிடந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"கதவு சரியா ஒட்டலம்மா," என்றார் சித்தப்பா. "இடுக்கு வழியா வந்துடுச்சு. கையால மறைச்சுட்டேதான் வந்தேன்." அவர் கையும் தலையும் அதே நிறத்தில் இருந்தன.

மெக்கானிக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டான். முழங்கை வரை கறுப்பெண்ணெய். சித்தப்பா கைக்குட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார். தங்கை துப்பட்டாவை உதறினாள். அதிலிருந்தும் மண்தான் பறந்தது. ஒரு சுத்தமான துணிக்கு அந்தச் சாலையில் அவர்களுக்கு வழியில்லை.

பின்னால் டிப்பர் ஹாரன் அடித்தது.

அவள் வேனுக்குள் ஏறி மண்டி போட்டாள். அப்பாவின் முகத்துக்கு மேல் குனிந்து, மெதுவாக ஊதினாள். இமையிலிருந்த தூசு எழும்பி, கதவு வழியாக வந்த வெயிலில் கொஞ்சம் நின்று, திரும்பவும் அங்கேயே இறங்கியது. மறுபடி ஊதினாள். மறுபடியும் இறங்கியது.

"போலாமா?" என்று டிரைவர் கேட்டார்.

அவள் இன்னொரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள்.