அண்டாவில் பிடித்த விரால்

1

இந்தக் கதை ஒரு கேசட்டிலிருந்து வந்தது. அகத்தூண்டல், தரிசனம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் வந்த வழி தள்ளுவண்டி. எண்பத்தேழில் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே பழைய கேசட் விற்பவரிடம், மேலே 'சோகப் பாட்டு' என்று எழுதியிருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன். பாட்டைக் காணோம். செய்தி வாசிப்பவரின் மிடுக்கோடு ஓர் ஆண்குரல், "மச்சான், இப்ப நான் தண்ணிக் கரையில நிக்கிறேன்" என்றது.

பிறகு எந்தத் தண்ணீருக்கு எந்தக் கழி, எந்த நரம்பு, எந்தப் பொய்மீன் என்று நெடுநேரம் விளக்கம். பிறகு ஒரு 'தொப்'. பிறகு 'சளப், சளப்'. "விழுந்துருச்சு மச்சான். விரால். என் கை நீளம் இருக்கும். உங்க ஊரு பாஸ் மீனுக்கு இது அண்ணன் முறை" என்று மூச்சிரைப்பு. அதன்பின் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு பெண்குரல், ரொம்பச் சாதாரணமாக:

"போதுமாங்க? கை வலிக்குது."

அந்தப் பக்கம் அதோடு முடிந்துவிட்டது. (மறுபக்கம் ஒன்று உண்டு. அதற்கு வருகிறேன்.) என்னிடம் இருக்கிற ஆதாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம், ஆட்களின் பெயர் உட்பட, நான் கைச்சரக்காகப் போட்டுக்கொண்டது.

2

தொடக்கங்கள்:

"சிறுமலையின் நீல விளிம்பில் சூரியன் தன் முதல் தூண்டிலை வீசியபோது

வேண்டாம். சூரியனுக்கு வேறு வேலை இருக்கிறது.

"மனிதன் மீனைப் பிடிக்கிறானா, அல்லது மீன்தான் மனித

இதை எழுதிவிட்டு நானே எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"கஸ்பாருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது."

இது போகும். கஸ்பார் திண்டுக்கல்லில் ஒரு தட்டச்சுப் பயிலகம் வைத்திருந்தார். பயிலகத்தில் சில பழைய இயந்திரங்களும் ஒரு மேசை விசிறியும் இருந்தன. விசிறி எப்போதும் கஸ்பாரைப் பார்த்தபடி இருக்கும். பிள்ளைகள் அவரைப் பிரின்ஸிபால் என்றுதான் கூப்பிட வேண்டும். சார் என்றால் காது கேட்காது.

பார்சலை அனுப்பியவர் அருளப்பன். கஸ்பாரின் மனைவி அல்போன்சாவுக்கு அண்ணன், டெக்சஸில் இன்ஜினியர். சம்பந்தம் பேசும்போதே "டைப் அடிக்கிறவருக்கா பொண்ணு?" என்று கேட்டவர். கல்யாணமான பிறகும் கஸ்பாரை முறை சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. தங்கைக்குக் கடிதம் எழுதச் சோம்பல்பட்டு, அந்தக் காலத்து வழக்கப்படி கேசட்டில் பேசி அனுப்புவார், அதில் வானிலை, சம்பளம், முட்டிவலி எல்லாம் முடிந்தபின், "மிஸ்டர் கஸ்பாரும் சௌக்கியம்தானே?" என்று ஒரு வரி வரும்.

இந்தப் பார்சலோடு வந்த கேசட்டில் மட்டும் குரல் இப்படிப் போனது: "மாப்ளே, இங்க ஞாயித்துக்கிழமையானா நான் ஏரியில பாஸ் மீனு பிடிக்கத்தான் போறது. உங்களுக்கும் ஒரு செட்டு அனுப்பியிருக்கேன். பிடிச்சுட்டுச் சொல்லுங்க."

கஸ்பார் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார். மீனுக்காக அல்ல. அந்த 'மாப்ளே'வுக்காக.

3

பார்சலில் தூண்டில்கழி இரண்டு இருந்தன. ஒன்று விறைப்பு, ஒன்று வளைவு. நைலான் நரம்பு மெலிசு, நடுத்தரம், முரடு என்று மூன்று சுருள். நரம்பைச் சுற்றுவதற்கு ஒரு ரீல். சின்னாளபட்டித் தறிக்காரர் யாராவது பார்த்திருந்தால் ராட்டையின் பேரப்பிள்ளை என்றிருப்பார். மீன் ஏமாந்து கவ்வுவதற்காக ஒரு பெட்டி நிறையப் பொய்மீன்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளி, புள்ளி வைத்தது, வாலில் இறகு கட்டியது, நம்மையே முறைப்பது. அல்போன்சா ஒன்றைக் காதோரம் வைத்துப் பார்த்தாள்.

"முள்ளு மட்டும் இல்லாட்டி லோலாக்குக்கு ஆகும்" என்றாள்.

கூடவே ஒரு புத்தகம். அது சொன்னதில் சிக்கல் எதுவுமில்லை. முதலில் தண்ணீரைப் பார். தெளிந்த தண்ணீரா, நிஜமீன் நிறத்தில் பொய்மீன் போடு. கலங்கல் என்றால் கண்ணைப் பறிக்கிற நிறம். செடிகொடி மண்டிய இடத்துக்கு முரட்டு நரம்பும் விறைப்புக் கழியும். வெட்டவெளித் தண்ணீருக்கு மெலிசும் வளைவும். கஸ்பார் இதை வேதமாக்கினார். வேகப் பயிற்சிக்கு அந்தப் பக்கங்களையே பிள்ளைகளிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். அந்த வருஷம் தட்டச்சில் லோயர் பரீட்சை எழுதியவர்களில் பிழையில்லாமல் ஒரு விண்ணப்பம் அடிக்கத் தெரியாதவர்கள் பலர். கலங்கலுக்கு மஞ்சள் என்று தெரியாதவர் எவருமில்லை.

கடைசியில் ஒருநாள் இரண்டு கழியையும் தோளில் சாத்திக்கொண்டு சாணார்பட்டிப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனார். முதலில் தண்ணீரைப் பார். பார்த்தார். எண்பத்து மூன்றின் கோடை. குளத்துக்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

ஆடுகளுக்குச் சொந்தக்காரி பழனியம்மாள் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சார் அது, ரேடியோ கம்பியா?"

"மீன் பிடிக்கிறது."

அவள் குளத்தைப் பார்த்தாள். கழியைப் பார்த்தாள். "செத்த முந்தி வந்திருக்கலாம்."

"எப்ப?"

"போன வருசம்."

கஸ்பார் திரும்பிவிடவில்லை. பெட்டியைத் திறந்துவைத்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். "இதுல தண்ணி வந்தா என்ன நிறத்துல இருக்கும்?"

"தண்ணி நிறத்துலதான் சார் இருக்கும்."

[இந்த இடத்தில் ஒரு கிழவர் வந்தார். மூங்கில் குச்சி, மண்புழு, கோவணம். ஒரே வீச்சில் விராலைத் தூக்கிக் கஸ்பாரின் தலையைக் குனியவைக்கத் தயாராக நின்றார். நிறையக் கதைகளில் வேலை பார்த்தவர் என்பது நிற்கிற தோரணையிலேயே தெரிந்தது. குளத்தில் தண்ணீர் இல்லை ஐயா, போய்வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.]

4

அடுத்த கேசட் வந்தது. "மாப்ளே, மீனு விழுந்துச்சா? கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வாரேன் மாப்ளே. சேந்து போடுவோம்."

ஒரே மூச்சில் இரண்டு மாப்ளே. விழவில்லை என்று பதில் போட்டால் மறுபடி மிஸ்டர் ஆகிவிடுவோம் என்று கஸ்பாருக்குத் தோன்றியது. அன்றைக்குப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. அல்போன்சா பித்தளை அண்டாவை நிரப்பி, அதற்குக் காவல் மாதிரி பக்கத்தில் நின்றாள். கஸ்பார் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுலயா மீன் பிடிக்கப் போறீங்க? அடுத்து எப்பத் தண்ணி விடுவானோ."

"சத்தம் மட்டுந்தான் பிடிக்கப் போறேன். தண்ணி அப்பிடியே இருக்கும்."

"எங்க அண்ணன்கிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"நீ வாயத் திறக்க வேணாம். துணிய நனைச்சுத் தண்ணில அடி. பொய்ய நான் பாத்துக்கிறேன்."

எந்தத் துணி என்பதில் பிரச்சினை வந்தது. கைக்குட்டையை அடித்தால் அயிரை மாதிரி இருந்தது. ஜமுக்காளம் திமிங்கிலம். துண்டு, தலையணை உறை, பழைய லுங்கி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் நாலாக மடித்த உள்பாவாடைதான் விராலாக அமைந்தது. தேர்வு செய்வதில் புத்தகம் கற்றுத்தந்த பொறுமை அத்தனையும் அந்த அண்டாவடியில்தான் பயன்பட்டது.

கஸ்பார் பேசினார். நன்றாகவே பேசினார். 'பொய்மீனை வீசுகிறேன் மச்சான்' என்ற இடத்தில் கையை நிஜமாகவே வீசி, மாட்டியிருந்த காலண்டரைக் கீழே தள்ளினார். அல்போன்சா அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் அவர் போட்டுக் கேட்டார். தம் குரல் ஓய்ந்ததும் பொத்தானை அழுத்தி நிறுத்தினார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். மறுநாள் கேசட் விமானமேறியது.

5

இங்கே எனக்கு அருளப்பன் மேல் ஒரு சந்தேகம். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கிற வருஷத்தில், குடத்துக்குக் குடம் கணக்குப் பார்க்கிற திண்டுக்கல்லுக்கு, ஒரு மனிதன் எதற்குத் தூண்டில் அனுப்பவேண்டும்? தள்ளுபடியில் கிடைத்ததா? தன்னிடம் இருந்ததைக் கழித்துவிட்டாரா? 'பாஸ் மீனு பிடிக்கத்தான் போறது' என்று சொன்னாரே தவிர, பிடித்ததாக அதுவரை வந்த எந்தக் கேசட்டிலும் சொல்லவில்லை. இதை நான்தான் எழுதினேன் என்றாலும் இப்போதுதான் கவனிக்கிறேன்.*

* அல்போன்சாவுக்கும் என் மேல் ஒரு குறை இருக்கிறது: "அடிச்சது நானு. கை வலிச்சது எனக்கு. அந்தத் தண்ணிய வீணாக்காம மறுநா வீடு கழுவினதும் நானு. கதையில மீன் பிடிச்சவரு அவரா?" நியாயம்தான். ஆனால் அவளுக்குள் புகுந்து சொன்னால் கதை அண்டாவடியிலேயே முடிந்துவிடும். கஸ்பாருக்குத்தான் இன்னும் பயம் பாக்கியிருக்கிறது.

6

அந்த வருஷக் கடைசியில் மழை கொட்டியது. கஸ்பார் தவிர எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். குளம் நிரம்பியது. அருளப்பன் வந்து இறங்கினார்.

குளத்தில் மீன் பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, குத்தகைக்கு எடுத்திருந்தவர் அப்துல் சுக்கூர், நகரத்தில் மீன் கடைக்காரர். கஸ்பார் முதல்நாளே போய் அனுமதி கேட்டார். "வெளிநாட்டுத் தூண்டிலா? தாராளமாப் போடுங்க. நானும் வந்து பாக்குறேன்" என்றுவிட்டார் சுக்கூர். கஸ்பார் எதிர்பார்த்தது மறுப்பு.

மறுநாள் நண்பகலில் அல்போன்சாவையும் சேர்த்து நாலு பேர் கரையில் நின்றார்கள். தண்ணீர் செங்கலங்கல். கஸ்பார் முரட்டு நரம்பு, விறைப்புக் கழி, மஞ்சள் பொய்மீன் என்று தேர்ந்தெடுத்து, ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதையும் விளக்கினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பயிலகத்துப் பிள்ளைகளைக் கேட்டாலும் அதையே சொல்லியிருப்பார்கள். எல்லாம் கட்டி முடிந்ததும் கழியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்க போடுங்க மச்சான்."

"ச்சே. உங்க ஊரு தண்ணி. நீங்க போடுங்க மாப்ளே."

"விருந்தாளி நீங்க இருக்கையில நான் போட்டா நல்லாவா இருக்கும்?"

"நான்தான் வாரா வாரம் போடுறேனே. நீங்க போடுங்க, கண்குளிரப் பாக்குறேன்."

பேருந்தில் டிக்கெட் எடுக்க இரண்டு சம்பந்திகள் மல்லுக்கட்டுகிற மாதிரி கழி அவர்களுக்கு நடுவில் போய்ப்போய் வந்தது. அருளப்பன் கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். குளிராகக்கூட இருக்கலாம். விரால் ஒன்று மேலே வந்து, ஒரு வாய் காற்றுக் குடித்து, இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனது. (பார்த்தது என்பது என் சேர்க்கை.) சாப்பாட்டு நேரமாயிற்று. அல்போன்சா புளிச்சோறு பரிமாறினாள், வெஞ்சனத்துக்கு வறுத்த கருவாடு. அன்றைக்கு அந்தக் கரைக்கு வந்த மீன் அது ஒன்றுதான்.

"செத்த நேரம்னீங்க" என்றார் சுக்கூர். "மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்தவன் நானு. இந்தா, சாயங்காலத் தொழுகை அஸருக்குப் பாங்கு சொல்லிட்டான். நீங்க போடுங்க, நீங்க போடுங்கன்னு ரெண்டு பேரும் மரியாதையா நின்னா, மீனு அதும்பாட்டுக்குக் கிழடாகிப் போயிரும்."

கஸ்பார் சிரித்தார். அருளப்பனும் சிரித்தார். இருட்டுகிறதுக்கு முன்னால் கழியை உறையில் போட்டார்கள். மஞ்சள் பொய்மீன் நனையவே இல்லை.

7

இனி முடிவு வேண்டும்.

(அ) கடைசி நொடியில் கஸ்பார் வீச, விரால் விழுகிறது. சுக்கூர் எடை போட்டு விலை சொல்கிறார். இதற்குக் கைதட்டுவார்கள், அதனாலேயே கூச்சமாக இருக்கிறது.

(ஆ) கஸ்பார் கரையில் மண்டியிட்டு, "மச்சான், அது விரால் இல்ல, உள்பாவா

முடியாது. அந்த வார்த்தையை மச்சானிடம் சொல்ல அவருக்கும் வராது, எனக்கும் வராது.

(இ) ரயிலடி. ஊர் திரும்பும் அருளப்பன் வைகை எக்ஸ்பிரசில் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னல் வழியாகத் தங்கையிடம் கேட்கிறார்.

"அல்போன்சா, கை வலி தேவலையா?"

"எனக்கென்ன கை வலி அண்ணே?"

"கேசட்டுல சொன்னயே. கடைசில."

கஸ்பாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு, தம் குரல் ஓய்ந்த இடத்துக்கு அப்பாலும் நாடா ஓடியிருக்கிறது என்பது புரிந்தது. மச்சானுக்கு எல்லாம் தெரியும். டெக்சஸிலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் அத்தனை நேரமும் கரையில் 'நீங்க போடுங்க' என்றிருக்கிறார். கஸ்பார் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு, வரப்போகிற மிஸ்டருக்காகக் காத்து நின்றார்.

அருளப்பன் பையைத் துழாவி ஒரு கேசட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க மாப்ளே. உங்க கேசட்டுதான். மறுபக்கம் சும்மா கிடந்துச்சேன்னு நானும் கொஞ்சம் பேசியிருக்கேன். நான் போனப்புறம் போட்டுக் கேளுங்க."

ரயில் நகர்ந்தது.

இதோ அந்த மறுபக்கம். இது என் கைச்சரக்கு இல்லை. தள்ளுவண்டியில் வாங்கிய கேசட்டிலேயே இருப்பது. "மாப்ளே, இப்ப நான் எங்க ஊரு ஏரிக்கரையில நிக்கிறேன்." கழி, நரம்பு, பொய்மீன் என்று அவரும் விளக்குகிறார். 'தொப்' என்கிறது. 'சளப், சளப்' என்கிறது. "விழுந்துருச்சு மாப்ளே, பாஸ்" என்று மூச்சிரைக்கிறது. பிறகு குரல் ஓய்கிறது. நாடா ஓடுகிறது.

கஸ்பார் பொத்தானில் விரல் வைத்தார். இந்தத் தடவை அழுத்தவில்லை. அல்போன்சா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சாய்த்தாள். குரலுக்கு அப்புறம் என்ன வருகிறது, அந்தத் தண்ணீர் ஏரியா, டெக்சஸில் ஏதோ ஒரு குளியலறையின் வாளியா என்பதை நான் எழுதிவிடலாம்தான். கழி கையில் தயாராக இருக்கிறது. ஆனால் இவ்வளவு தூரம் வந்திருக்கிற விருந்தாளி நீங்கள். நீங்கள் இருக்கும்போது நான் முந்திக்கொண்டால் நன்றாகவா இருக்கும்?

நீங்க போடுங்க.