தண்ணீர் வருகிற வரைக்கும்

மாசிலாமணி உள்ளேயிருந்து "கர்த்தர்" என்று ஆரம்பித்தபோது சுகிர்தம் எழுந்திருக்கவில்லை. எழுந்து என்ன செய்வது? அவருக்கு என்ன வேண்டும் என்று இன்னும் தெரியாது. மேய்ப்பர் வரவேண்டும், புல்லுள்ள இடங்கள் வரவேண்டும், அதற்கப்புறம்தான் தெரியும். வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவியபடி காதை மட்டும் உள்ளே வைத்திருந்தாள். குரல் ஓர் எழுத்துப் பிசகாமல், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கிற அதே நிதானத்தோடு வந்தது. "தண்ணீர்கள்" என்ற இடத்தில் டக்கென்று நின்றது. சரி, தாகம். கீரையை முறத்தில் போட்டுவிட்டுப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டுகொண்டு போனாள்.

நான்கு மாதமாக இந்த வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. மாசிலாமணி கீழ்பென்னாத்தூரில் பழுதான மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தவர். ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் திடீரென்று பைபிளின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை முழுசாக ஒப்பித்தார். இருபது வருஷம் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சங்கீதம். சுகிர்தம் சந்தோஷத்தில் அழுதே விட்டாள். "என்னங்க, நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று கேட்டாள். "அது... அது..." என்றார். மறுபடியும் "அது" என்றார். முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஓவியா வாரம் இரண்டு நாள் ஸ்கூட்டியில் வருவாள். சின்னப் பெண், பொறுமைசாலி. "மனப்பாடமா இருக்கிறது மூளையில வேற இடத்துல தங்கிடும் ஆன்ட்டி. நம்மளா யோசிச்சு சொல்றதுதான் வராது. அங்கிள் அதுலேர்ந்தே வார்த்தை எடுக்கக் கத்துக்கிட்டாரு பாருங்க, குறுக்கு வழி கண்டுபிடிச்சிருக்காரு" என்றாள். குறுக்கு வழியாம். எதிர் வீட்டுக்குப் போக மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடந்து வருவதற்குப் பெயர் குறுக்கு வழி என்றால் இதுவும் குறுக்கு வழிதான். தண்ணீர் வேண்டுமென்றால் சீக்கிரம் வந்துவிடும். ஊன்றுகோல் வேண்டுமென்றால் இருளின் பள்ளத்தாக்கைத் தாண்டித் தடிக்கு வரவேண்டும். பசித்தால் பந்தி வரைக்கும் போகவேண்டும். மூத்திரம் வந்தால்தான் பாடு. கட்டிலுக்கடியில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு அவருக்குக் கிடைத்த வார்த்தை பாத்திரம். அது கிட்டத்தட்டக் கடைசியில் இருக்கிறது. வேதவசனத்தை இப்படியெல்லாம் புழங்குகிறோமே என்று முதலில் கூசியது. பிறகு கூச்சப்படவும் நேரமில்லாமல் போயிற்று.

அவள் ஜெபம் செய்வதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. ஆண்டவர் மேல் கோபம்தான். உன் வார்த்தையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு என் புருஷன் வார்த்தையை எல்லாம் பிடுங்கிக்கொண்டாயே என்கிற கோபம். அதை வெளியே சொன்னால் சபையில் பதறிப்போவார்கள். முழங்கால் வலி, மண்டிபோட முடியவில்லை என்று சொல்லிவைத்திருந்தாள்.

வசனங்களுக்கு மட்டும் குறைவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே ரோஜாப்பூப் படம் போட்டு போனில் வந்து விழும். வருகிறவர்கள் எல்லாம், பாடுபட்டும் பொறுத்துக்கொண்ட யோபுவின் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை பிடி என்றால் மட்டும் ஒருவருக்கும் இடுப்பு வளையாது.

அன்று பௌர்ணமி. செங்கம் ரோட்டில் காலையிலிருந்தே கிரிவலக் கூட்டம், ஆட்டோவை எல்லாம் தடுத்துவிட்டார்கள். இன்றைக்காவது யாரும் வரமாட்டார்கள் என்று சுகிர்தம் நிம்மதியாக இருந்தாள். மூன்று மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி ராஜம்மாள், பின்னால் நான்கு பேர், வேர்த்து விறுவிறுத்து நின்றார்கள்.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தே வந்துட்டோம் சுகிர்தா. உபவாச நாளாச்சே, விட முடியுமா?"

பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள் ராஜம்மாள். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, இரண்டு பாட்டு பாடி, ஆளுக்கு ஒரு ஜெபம் என்று ஆரம்பித்தார்கள். மூன்றாவது ஆள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது மாசிலாமணி "கர்த்தர்" என்றார். அறை சட்டென்று அடங்கியது. சுகிர்தம் காதைத் தீட்டினாள். தண்ணீர் போயிற்று, தடி போயிற்று, பந்தியும் போயிற்று. "பாத்திரம்" என்று நின்றார்.

"அல்லேலூயா!" ராஜம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள். "என் பாத்திரம் நிரம்பி வழியுதுன்னு சாட்சி சொல்றாரு பாருங்க! நாலு மாசம் படுக்கையில கிடந்த மனுஷன்!"

ஐந்து பேரும் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள். மாசிலாமணியின் கண்கள் சுகிர்தத்தைத் தேடின. அவர் மறுபடி முதலிலிருந்து, வேகவேகமாக ஓடினார். அவள் கட்டிலை நெருங்க முடியாதபடி நடுவில் இரண்டு பேர் கண்ணை மூடி மண்டிபோட்டிருந்தார்கள்.

"தள்ளுங்க. அக்கா, எல்லாரையும் கூட்டிக்கினு வெளிய போங்க. அவருக்கு ஒண்ணுக்கு வருது."

டப்பாவை எடுப்பதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. மாசிலாமணி கண்களை மூடிக்கொண்டார். நான்கு பெண்களும் முந்தானையை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். சுகிர்தம் வேறு வேட்டி மாற்றி, நனைந்ததைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது ராஜம்மாள் மட்டும் பின்பக்கம் குழாயடியில் நின்றிருந்தாள். சுகிர்தத்தின் கையிலிருந்து வேட்டியைப் பிடுங்கி வாளியில் போட்டாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை சபைக்குக் கூட்டிக்கினு வா. எல்லாருக்கும் முன்னாடி சொல்லட்டும். ஆண்டவரே பேச வைக்கும்போது பேச்சுப் பயிற்சிக்கு வர்ற அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு? வேணாம்னு சொல்லிடு."

"அவரு பேசலக்கா. பேச முடியாமத்தான் அதைச் சொல்றாரு. டப்பா கேட்டாரு, நீங்க கையத் தூக்கினீங்க. சபையில நின்னு அவரு தண்ணி கேட்டா ஐந்நூறு பேரு ஸ்தோத்திரம் சொல்லுவீங்க, ஒருத்தர் தண்ணி தர மாட்டீங்க!"

ராஜம்மாள் வேட்டியைக் கல்லில் அடித்துத் துவைத்தாள். பிழிந்தாள். கொடியில் உதறிப் போட்டாள். அந்த வயதில், பட்டினி வயிற்றோடு. மனதாரத் திட்டக்கூட விடமாட்டேன் என்கிறாளே என்று சுகிர்தத்துக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத" என்றாள் ராஜம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே. "நீ ஜெபத்துல இல்ல. எனக்குத் தெரியும். முழங்கால் வலின்னு யாருக்கு சொல்ற?"

சுகிர்தம் குழாயை இறுக்கி மூடினாள். ராஜம்மாளின் செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய்க் கூட்டத்தோடு கலந்தது.

உள்ளே வந்தபோது மாசிலாமணி விழித்திருந்தார். அவளைப் பார்த்ததும் "கர்த்தர்" என்று ஆரம்பித்து, எந்த இடத்திலும் நிற்காமல் கடைசி வரை போனார். சுகிர்தத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டம்ளரில் தண்ணீரோடு வந்தாள். தலையை ஆட்டினார். தடியை எடுத்துக் காட்டினாள். வேண்டாம். "பசிக்குதா?" இல்லை. கட்டிலுக்கடியில் கையை விட்டாள். இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினார்.

"பின்ன இன்னாதான் வேணும் உங்களுக்கு? நான் மனுஷிதானே? எத்தினி வாட்டிதான் இதையே கேப்பேன்?"

மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை முதல் வரியோடு நின்றார். இடது கையை நீட்டி அவள் வாயைக் காட்டினார்.

புரிந்தது, அவள் சொல்லவேண்டுமாம். புரிந்ததும் ஆத்திரம்தான் வந்தது. "என்னால ஆவாது. எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சு கிடையாது. கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு."

கை அப்படியே நின்றது. அதை இறக்க வைப்பதற்காகவே, நின்ற நிலையில், டம்ளரைக் கையில் பிடித்தபடி, யாரோடோ சண்டை போடுகிற வேகத்தில் அவள் மளமளவென்று ஒப்பித்தாள். மேய்ப்பர், புல், தண்ணீர், கோல், தடி, பந்தி.

மாசிலாமணி இல்லையென்று தலையை ஆட்டினார். அவள் திரும்பச் சொன்னாள். தண்ணீருக்கு அடுத்து நேராகத் தடிக்கே போனாள். மறுபடியும் தலையை ஆட்டினார். நடுவில் என்னவோ இருந்தது. ஏழு வயதில் படித்தது, நான்கு மாதமாகத் தினமும் பத்துத் தடவை கேட்பது, என்ன வரி அது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எடுத்து வந்து கொடுக்கிற சாமான் இருந்த இடத்தில் மட்டும்தான் இத்தனை நாளும் அவள் காது நின்றிருக்கிறது.

"தெரியலங்க" என்றாள். "மறந்துபோச்சு."

மாசிலாமணியின் உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்து, சத்தமில்லாமல் மூடி, மறுபடி திறந்தது. "ஆ" என்றார். அவள் கிட்டே குனிந்தாள்.

"ஆத்... துமா."

மேய்ப்பரும் இல்லை, புல்லும் இல்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் தனியாக வந்தது. விட்டுப்போன வரி அதுதான், அவர் என் ஆத்துமாவைத் தேற்றி. அவர் முகமெல்லாம் வேர்த்திருந்தது. சுகிர்தம் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மீதி வரியை அவள் சொல்லட்டும் என்று அவர் கையை இறக்காமலே இருந்தார்.